உயிர்த்திசுவும் மின்கடத்தும் பலபடியும்

நெகிழி மின்சாரத்தைக் கடத்தாது என்றே நாம் பள்ளியில் கற்றோம். மின்கம்பிக்கு அதனை உறையாக இடுவதும் அதனால்தான். அவ்விதிக்கு விலக்குண்டு என்பதை ஹிடெக்கி சிராகாவா, ஆலன் மெக்டயர்மிட், ஆலன் ஹீகர் ஆகியோர் 1977ஆம் ஆண்டில் காட்டினர். பாலிஅசெட்டிலீன் என்னும் பலபடியில் அயோடினைச் சேர்த்தபோது, அதன் மின்கடத்துதிறன் பல இலட்சம் மடங்கு உயர்ந்தது. மூவருக்கும் 2000ஆம் ஆண்டின் வேதியியல் நோபெல் பரிசு கிடைத்தது.

இத்தகைய பலபடி உயிருடலுக்கு எவ்வாறு உதவும்? இதனை அறிய, உடலில் மின்சாரம் செல்லும் முறையை முதலில் நோக்குவோம். உலோகக் கம்பியில் மின்னோட்டத்தைச் சுமப்பவை எலக்ட்ரான்கள். நரம்பணுவிலோ சோடியம், பொட்டாசியம் முதலிய அயனிகள் உயிரணுச் சவ்வின் ஊடே இடம்பெயர்ந்து சமிக்ஞையை உண்டாக்குகின்றன. மூளையில் உலோக மின்முனையைப் பொருத்தினால், இவ்விரு வகை ஓட்டங்களும் அதன் மேற்பரப்பில் மட்டுமே சந்திக்கும். மின்முனை சிறுக்கச் சிறுக்க அப்பரப்பும் குறுகும். மின்னோட்டத்திற்குத் தடை மிகும். நுண்ணிய சமிக்ஞைகள் இரைச்சலில் மறையும்.

இரண்டாம் இடர் கடினத்தன்மை. மூளைத்திசுவின் மீள்மைக் குணகம் சில கிலோபாஸ்கல். சிலிக்கானுக்கோ அது 100 கிகாபாஸ்கலுக்கும் மேல். வேறுபாடு ஒரு கோடி மடங்கையும் விஞ்சுகிறது. மூச்சுக்கும் இதயத்துடிப்புக்கும் ஏற்ப மூளை அசைகையில், வளையாத மின்முனை உறுத்துகிறது. நாளடைவில் அதனைச் சுற்றித் தழும்புத்திசு வளர்ந்து, நரம்பணுக்களிடமிருந்து அதனைப் பிரித்துவிடுகிறது.

பெடாட் என்னும் பலபடி இவ்விடர்களைத் தணிக்க வல்லது. பிஎஸ்எஸ் என்னும் வேறொரு பலபடியுடன் சேர்ந்த நிலையில், அது நீரை ஏற்று உப்பும். அயனிகள் அதன் உள்ளெங்கும் புகும். மின்னேற்றங்கள் அதன் சங்கிலித்தொடர்கள் வழியே ஓடும். ஆகவே சந்திப்பு மேற்பரப்போடு நில்லாது, பொருளின் பருமன் முழுவதிலும் நிகழ்கிறது. உலோக மின்முனையின்மேல் மெல்லிய பூச்சாக இட்டாலும் தடை வெகுவாகக் குறைகிறது. ஹைட்ரோஜெல் வடிவில் ஆக்கினால், திசுவின் மென்மைக்கு அருகிலும் வருகிறது.

குறைகளும் உள. பூச்சு உலோகத்தினின்று உரிந்துவிடலாம். நெடுங்காலம் மின்துடிப்புகளைச் செலுத்தினால் கடத்துதிறன் தேயலாம். நோயாளி பல்லாண்டுகள் சுமக்க வேண்டிய கருவிக்கு இவை சிறு குறைகள் அல்ல.

மின்னோட்டம் என்பது எலக்ட்ரான்களின் ஓட்டம் என்று மட்டும் வகுப்பறையில் சொல்லி நிறுத்துகிறோம். அது பாதி உண்மையே. இதனைப் படிக்கும் மாணவரின் நரம்புகளில் இக்கணம் ஓடுவது அயனிகளின் மின்சாரம். அதனையும் சேர்த்துச் சொன்னால்தான், நெகிழியொன்று மூளைக்கும் கருவிக்கும் இடையில் ஏன் தேவைப்படுகிறது என்பது அவர்களுக்கு விளங்கும்.