மலையேறும் தோற்றம், தார் வீதி உடம்பு: ஒரு மோட்டார் சைக்கிளும் அதனை ஓட்டியவர்களின் பேச்சும்

புதிய சரக்கு ஒன்று சந்தைக்கு வந்தால் எம்மைப் போன்ற வியாபாரிகள் முதலில் விலையைக் கேட்போம். அடுத்ததாக, எடுத்தவர்கள் என்ன சொல்கிறார்கள் என்று விசாரிப்போம். இந்த இரண்டாவது கேள்விக்குக் கிடைக்கும் பதிலை எப்படி விளங்கிக் கொள்வது என்பதில்தான் பலர் தவறிவிடுகிறோம். நானும் தவறியிருக்கிறேன். அதனைப் பின்னர் சொல்கிறேன்.

எமது கடை கண்டி - மாத்தளை வீதியில் இருக்கிறது. மோட்டார் சைக்கிள் உதிரிப்பாகங்களும் டயரும் விற்கிறோம். சென்ற மாதம் ஒருநாள் பின்னேரம், நெடுநாள் வாடிக்கையாளரான ஹாஜியார் ஒருவர் தனது கடைசி மகனையும் கூட்டிக்கொண்டு வந்தார். மகன் தோட்டப் பகுதிக் கடைகளுக்குப் பிஸ்கட், சவர்க்காரம் விநியோகம் செய்ய ஆரம்பித்திருக்கிறார். ஓடருக்குப் போய்வர ஒரு பைக் வேண்டும். தம்பியின் கையில் ஒரு விளம்பரத் துண்டு. உயர்ந்த ஹேண்டில், கைக்காப்பு, முன்னால் கண்ணாடி, பறவையின் அலகு போன்ற மட்கார்ட். படத்தில் பின்னணியில் பனி மலை.

"நானா, நீங்க சொன்னா எடுக்கிறோம்" என்றார் ஹாஜியார்.

2020 மார்ச் மாதம் நிறுத்தப்பட்ட வாகன இறக்குமதிக்கு 2025 பெப்ரவரியில் வழி திறந்த பின்னர், இப்படி விளம்பரத் துண்டோடு வருபவர்கள் அதிகரித்துவிட்டார்கள். ஆகவே தம்பிக்கு நான் சொன்ன கதையையே வாசகர்களுக்கும் சொல்லலாம் என்று நினைத்தேன். அது இந்தியாவில் நடந்த கதை.

2021 ஆம் ஆண்டு ஆகஸ்ட் மாதம் ஹொண்டா கம்பனி இந்தியாவில் 'சீ.பி. 200 எக்ஸ்' என்ற மோட்டார் சைக்கிளை அறிமுகம் செய்தது. விலை 1 இலட்சத்து 44 ஆயிரத்து 500 இந்திய ரூபாய். அதற்கு முன்னரே 'என்.எக்ஸ். 200' என்ற பெயரைக் கம்பனி அங்கு பதிவு செய்திருந்த செய்தி வெளியாகியிருந்தது. என்.எக்ஸ். என்பது பழைய ஓட்டுநர்களுக்குத் தெரிந்த எழுத்து. 1988 இல் வந்த என்.எக்ஸ். 650 டொமினேட்டர், காட்டுப் பாதைக்கும் ஆகும் வண்டி என்று பெயரெடுத்தது. எனவே ஹொண்டாவிடமிருந்து மலிவான ஒரு மலைவண்டி வரப்போகிறது என்று பலர் எதிர்பார்த்துக் காத்திருந்தார்கள்.

வந்தது வேறொன்று. அதற்கு முந்திய ஆண்டு, 2020 ஆகஸ்டில், 1 இலட்சத்து 26 ஆயிரம் ரூபாயளவில் அறிமுகமான ஹோர்னட் 2.0 என்ற தார் வீதிப் பைக்கின் அதே 184 சீ.சீ. எஞ்சின், அதே சட்டகம், அதே 17 அங்குலச் சில்லுகள், அதே ஐந்து கியர். மேலே கண்ணாடியும் கைக்காப்பும் உயர்ந்த ஹேண்டிலும் சேர்ந்திருந்தன. நிலத்துக்கும் வண்டியின் அடிப்பாகத்துக்கும் இடையிலான உயரம் இரண்டிலும் 167 மில்லிமீற்றர்தான். ஒரு மில்லிமீற்றர்கூடக் கூடவில்லை.

அன்றைக்கே பேச்சுக் கிளம்பிவிட்டது. ஹோர்னட்டுக்கு உடுப்பு மாற்றிக் கொண்டுவந்து விட்டார்கள் என்பதே அந்தப் பேச்சின் சாரம். ஏமாற்றம், கேலி, விலையைப் பற்றிய கோபம் எல்லாம் அதில் இருந்தது. அன்றைய பேச்சை மாத்திரம் கேட்ட ஒரு வியாபாரி, இந்த வண்டி எடுபடாது, இதன் சாமான் ஒன்றும் எடுத்து வைக்கத் தேவையில்லை என்று முடிவு செய்திருப்பார்.

ஆனால் சில மாதங்கள் கழித்து, உண்மையில் காசு கொடுத்து வாங்கி ஓட்டியவர்கள் பேச ஆரம்பித்தபோது தொனி வேறாக இருந்தது. ஹேண்டில் உயர்ந்து அகலமாக இருப்பதால் முதுகு நிமிர்ந்து உட்கார முடிகிறது, நகர நெரிசலில் இலேசாகத் திரும்புகிறது, எஞ்சின் குறைந்த வேகத்திலேயே இழுக்கிறது, லீற்றருக்கு 40 கிலோமீற்றர் அளவில் ஓடுகிறது என்றார்கள். 147 கிலோ எடை என்பதால் கையாளவும் கஷ்டமில்லை. குறைகளும் சொன்னார்கள். நெடுஞ்சாலையில் ஆறாவது கியர் இல்லாதது தெரிகிறது, இந்த விலைக்கு ஏ.பி.எஸ். முன் சில்லுக்கு மாத்திரம்தானா என்றார்கள்.

வண்டி ஒன்றுதான். பேசியவர்கள்தான் வேறு. முதல் வாரம் பேசியவர்களில் அதிகமானோர் தாம் எதிர்பார்த்த வேறொரு வண்டியைப் பற்றிப் பேசினார்கள். பின்னர் பேசியவர்கள் கையில் இருந்த வண்டியைப் பற்றிப் பேசினார்கள். முதற்கூட்டத்தார் பொய் சொன்னார்கள் என்று நான் சொல்லவில்லை. 167 மில்லிமீற்றர் என்பது அவர்கள் சரியாகப் பிடித்த விடயம்.

இதனைச் சற்று விளக்க வேண்டும், ஏனெனில் கடையில் நிற்பவர்கள் பலருக்கே இது தெளிவில்லை. மலைப்பாதைக்குரிய பைக்கை அதனுடைய கண்ணாடியும் கைக்காப்பும் தீர்மானிப்பதில்லை. மூன்று அளவுகள்தான் தீர்மானிக்கின்றன. முன் சில்லு பெரிதாக இருந்தால் குழியில் விழாமல் அதன் மேலாலும் கல்லின் மேலாலும் உருண்டு போகும். ஷொக் அப்சோபரின் அசைவு நீளமாக இருந்தால் அடி கைக்கு வராது. அடிப்பாகம் உயர்ந்திருந்தால் கல் எஞ்சினில் மோதாது. இவற்றை மாற்றுவதென்றால் சட்டகத்திலிருந்து எல்லாவற்றையும் புதிதாக வடிவமைக்க வேண்டும். பெரிய செலவு. பிளாஸ்டிக் பாகத்துக்கு அச்சுச் செய்வது அதோடு ஒப்பிட்டால் சிறிய செலவு. இருக்கிற எஞ்சினையும் சட்டகத்தையும் வைத்து இன்னொரு மாடல் இறக்கினால் தொழிற்சாலைக்கும் இலாபம், உதிரிப்பாகமும் பொதுவாகிவிடும். எமக்குக்கூட அது நல்லதுதான். ஒரு பிரேக் பேட் இரண்டு வண்டிக்குப் போகும்.

அதே சந்தையில் ஹீரோ கம்பனி செய்ததைப் பாருங்கள். 2019 மே மாதம் எக்ஸ்பல்ஸ் 200 என்றும் எக்ஸ்பல்ஸ் 200 டீ என்றும் இரண்டை ஒரே நாளில் இறக்கியது. எஞ்சின் ஒன்றுதான். முதலாவதுக்கு 21 அங்குல முன் சில்லு, கம்பிச் சில்லு, 190 மில்லிமீற்றர் முன் அசைவு, 220 மில்லிமீற்றர் அடி உயரம். விலை 97 ஆயிரம் ரூபாய். இரண்டாவது தார் வீதிக்கு. 17 அங்குல அலோய் சில்லு, 94 ஆயிரம் ரூபாய். கல்லில் போகிறவர் இதை எடுக்கட்டும், தாரில் போகிறவர் அதை எடுக்கட்டும் என்று முன்னாலேயே பிரித்து வைத்துவிட்டது. எக்ஸ்பல்ஸ் 200ஐ எடுத்தவர்கள் வேகம் போதாது என்று குறைப்பட்டார்களே தவிர, ஏமாந்தோம் என்று சொல்லவில்லை.

சுசுகியும் தார் வீதிப் பைக்கான ஜிக்ஸர் 250 இலிருந்து வீ-ஸ்ட்ரோம் எஸ்.எக்ஸ். என்ற வண்டியை 2022 ஏப்ரலில் 2 இலட்சத்து 11 ஆயிரம் ரூபாய்க்குக் கொண்டு வந்தது. இதுவும் ஒருவகையில் உடுப்பு மாற்றிய வண்டிதான். ஆனால் முன் சில்லை 19 அங்குலமாக்கி, அடி உயரத்தை 205 மில்லிமீற்றராக்கி இருந்தார்கள். ஓட்டுநர்களின் பேச்சு இந்த இடத்தில் மென்மையாகிவிட்டது. வண்டி பாரம், கம்பிச் சில்லு இல்லை என்றெல்லாம் சொன்னார்கள். மாற்ற வேண்டிய இடத்தில் கை வைத்திருக்கிறார்கள் என்பதையும் ஒப்புக்கொண்டார்கள்.

ஹொண்டாவுக்கும் இது தெரியாத பாடமல்ல. அதனுடைய பெரிய வண்டியான சீ.பி. 500 எக்ஸ் 2013 இல் வெளிவந்தபோது அதற்கும் முன் சில்லு 17 அங்குலம்தான். 2019 ஆம் ஆண்டுப் பதிப்பில்தான் அதனை 19 அங்குலமாக்கி, ஷொக் அப்சோபரின் அசைவையும் கூட்டினார்கள். அந்த வண்டி இந்தியாவுக்கு 2021 மார்ச்சில் வந்தபோது குறை வேறு பக்கத்திலிருந்து வந்தது. விலை 6 இலட்சத்து 87 ஆயிரம் ரூபாய். பணம் அதிகம் என்று எல்லோரும் சொன்னார்கள். ஓர் ஆண்டுக்குள், 2022 பெப்ரவரியில், அதனை 5 இலட்சத்து 79 ஆயிரத்துக்கு இறக்கினார்கள். புதிதாக வாங்க நினைத்தவர்களுக்குச் சந்தோசம். முதல் ஆண்டிலேயே நம்பி வாங்கியவர் ஒரு இலட்சத்துக்கு மேல் கூடுதலாகக் கொடுத்தவராகிவிட்டார். விலையை இறக்குவது இலேசு, முன்னர் வாங்கியவர் முகத்தைப் பார்ப்பதுதான் கஷ்டம் என்பது கடை நடத்தும் எவருக்கும் தெரியும்.

சரி, 200 எக்ஸுக்கு என்ன நடந்தது? 2023 இல் பாரம் குறைந்த புதிய வகைக் கிளச் கொடுத்தார்கள். 2025 பெப்ரவரியில் அதே வண்டிக்கு என்.எக்ஸ். 200 என்று பெயர் வைத்தார்கள். ஆம், 2021 இல் எல்லோரும் எதிர்பார்த்த அதே பெயர்! விலை 1 இலட்சத்து 68 ஆயிரம் ரூபாய். இரண்டு சில்லுக்கும் ஏ.பி.எஸ்., புதிய டிஜிட்டல் மீற்றர், சில்லு வழுக்காமல் தடுக்கும் இலத்திரனியல் ஏற்பாடு எல்லாம் சேர்ந்தன. பிரேக்கைப் பற்றி ஓட்டியவர்கள் சொன்ன குறை தீர்ந்தது. ஆனால் சில்லு அதே 17 அங்குலம்தான். பெயர் மலைக்கு இன்னும் நெருக்கமாகப் போனது, வண்டி நின்ற இடத்திலேயே நின்றது. எனது அபிப்பிராயத்தில் இந்தப் பெயர் மாற்றம் தேவையற்றது. நல்ல நகர வண்டி ஒன்றுக்கு நல்ல நகரப் பெயர் இருந்திருந்தால் முதல் நாள் கேலியே வந்திராது.

இப்போது எனது தவறு. எமது பகுதிப் பையன்கள் வார இறுதியில் றிவர்ஸ்டன் பக்கம் போவார்கள். சாதாரண தார் வீதிப் பைக்குகளுக்குக் கைக்காப்பும் கட்டைக் கட்டையாகப் பூ வெட்டிய டயரும் போடும் ஆசை சில ஆண்டுகளுக்கு முன்னர் அவர்களுக்குப் பிடித்திருந்தது. ஒரு வாரத்தில் நாலைந்து பேர் கேட்டார்கள். நான் 17 அங்குலத்தில் 60 டயர்களை ஒரே தடவையில் இறக்கினேன். நாலைந்து பேர் கேட்டதை ஊரே கேட்டதாக எடுத்துக்கொண்டேன். முதல் மாதம் நன்றாகப் போயிற்று. மழை ஆரம்பித்த பின்னர் வாங்கியவர்கள் ஒவ்வொருவராகத் திரும்பி வந்தார்கள். ஈரத் தாரில் வளைவில் பிடிப்பில்லை, ஓடும்போது இரைகிறது, நடுப்பகுதி சீக்கிரம் தேய்கிறது என்றார்கள். டயரில் பிழையில்லை. அது மண்ணுக்குச் செய்த டயர். அவர்கள் ஓடுவதோ மாதத்தில் 28 நாள் தாரில். கேட்காமலே விற்றவன் நான். ஒரு பையன் கலகெதரப் பக்கம் வழுக்கி விழுந்து முழங்காலைக் கிழித்துக்கொண்டு வந்து கடைக்கு முன்னால் நின்றபோது எனக்குச் சொல்ல வார்த்தை இருக்கவில்லை. அந்தப் பையனுக்கு வேறு டயர் மாற்றிக் கொடுத்தேன். மிகுதி 22 டயர் இரண்டு வருடம் மேல்தட்டில் கிடந்து, கடைசியில் கொள்முதல் விலைக்கும் குறைவாகப் போனது.

அதற்குப் பின்னர் ஒரு பழக்கத்தை வைத்திருக்கிறேன். புதிய மாடல் ஒன்றைப் பற்றிப் பேச்சு வந்தால், பேசுபவர் அதில் எத்தனை கிலோமீற்றர் ஓடியிருக்கிறார் என்று கேட்பேன். ஓடாதவர் சொல்வதிலிருந்து சனங்களுக்கு என்ன ஆசை இருக்கிறது என்பதை அறியலாம், அதுவும் வியாபாரிக்குத் தேவையான தகவல்தான். ஆனால் சரக்கு எடுப்பதற்கு அதனை நம்புவதில்லை. 5,000 கிலோமீற்றர் ஓடியவர் எதைத் தேடிக் கடைக்கு வருகிறாரோ அதைத்தான் தட்டில் வைக்கிறேன். பெரும்பாலும் அது பிரேக் பேட், செயின், கிளச் கேபிள். பனி மலைப் படம் போட்ட வண்டிக்கும் இதேதான்.

ஹாஜியாரின் மகனுக்கு இவ்வளவையும் சொன்னேன். பாதிக் கதையிலேயே தம்பிக்கு முகம் வாடிவிட்டது. விளம்பரத் துண்டின் பின்பக்கத்தில் பொடி எழுத்தில் இருந்த அளவுகளை மூக்குக் கண்ணாடி போட்டு வாசித்தேன். முன் சில்லு 17, அடி உயரம் 165. அதுவும் உடுப்பு மாற்றிய வண்டிதான். கூடாத வண்டி என்று நான் சொல்லவில்லை. டவுனுக்குள் ஓடுவதென்றால் தயங்காமல் எடுக்கலாம்.

"தம்பி, நீங்க போற தோட்ட ரோட்டில ஆகப் பெரிய கல்லு எத்தனை அங்குலம்?"

அவருக்குத் தெரியவில்லை. துணி அளக்கும் நாடா ஒன்றைக் கொடுத்து, அடுத்த தடவை ஓடருக்குப் போகும்போது வண்டியை நிறுத்தி அளந்து வாருங்கள் என்றேன். ஹாஜியார் சிரித்தார். இந்த நானாவுக்குப் பைத்தியம் என்று நினைத்திருப்பார்.

நாலு நாள் கழித்துத் தம்பி தனியாக வந்தார். கடைசி மூன்று கட்டை தூரத்தில் கல் சராசரி ஐந்து அங்குலம், பாலத்துக்குக் கிட்ட இரண்டு இடத்தில் ஏழு என்று சிகரட் பெட்டியின் பின்பக்கத்தில் எழுதி வந்திருந்தார். 165 மில்லிமீற்றர் என்பது ஆறரை அங்குலம். பின்னால் இரண்டு பெட்டிச் சவர்க்காரமும் ஏறினால் அது இன்னும் குறையும். அவரே கணக்குப் பார்த்துவிட்டு, விளம்பரத் துண்டை மடித்துப் பொக்கட்டில் போட்டுக்கொண்டார். இப்போது பழைய யமஹா செரோ ஒன்றைத் தேடித் தரும்படி கேட்டிருக்கிறார். மாத்தளையில் ஒன்று இருப்பதாகச் சொல்கிறார்கள். எஞ்சினைத் திறந்து பார்க்காமல் விலை பேச வேண்டாம் என்று சொல்லியிருக்கிறேன்.