ரயில் வந்துவிட்டது, மரமேற ஆளில்லை

பளை ரயில் நிலையத்தைச் சுற்றியுள்ள நிலம் தென்னைக்குப் பேர்போனது. கள்ளுத் தவறணைக்கு இதைவிட வாய்ப்பான இடம் கிளிநொச்சி மாவட்டத்தில் குறைவு. 1990 ஜூனில் போரால் யாழ்தேவி ரயில் நின்றபின் தண்டவாளமும் சிலிப்பர் கட்டைகளும் பதுங்குகுழிகளுக்குப் போயின. பனைகளும் தென்னைகளும் அவற்றோடு சேர்ந்து போயின. 2014 மார்ச்சில் ரயில் பளைக்குத் திரும்பியது; ஒக்ரோபரில் யாழ்ப்பாணம் போய்ச் சேர்ந்தது.

தவறணையில் பெரிய வசதி எதுவும் இருப்பதில்லை. தகரக் கூரை, இரண்டு வாங்கு, பொரித்த மீன், அவித்த கடலை. பனையோலைப் பிளாவில் வார்த்த கள்ளு இப்போது பிளாஸ்ரிக் கோப்பையில் வருகிறது. காலையில் இறக்கியது மத்தியானத்துக்குள் புளித்து ஏறிவிடும்; நாளைக்கென்று வைத்து விற்க முடியாது. ஆகவே சீவல் தொழிலாளி காலையும் மாலையும் தளநாரில் கால் கோத்து ஏற வேண்டும். பாளையின் நுனியை மெல்லியதாகச் சீவி, நிறைந்த முட்டியை அவிழ்த்து, வெறும் முட்டியைக் கட்டிவிட்டு இறங்க வேண்டும். சீவாமல் விட்டால் ஊறுவது நின்றுவிடும்.

அந்த மனிதர்தான் இல்லாமல் போகிறார். அவர் மகன் மரத்தில் கால் வைப்பதில்லை. விழுந்தால் முதுகெலும்பு போய்விடும் என்ற பயம் ஒரு பக்கம். கள்ளை விரும்பிக் குடித்த ஊர், அதை இறக்கித் தந்தவரைப் படலைக்கு வெளியே நிறுத்தியது இன்னொரு பக்கம். அப்படிப்பட்ட தொழிலுக்குப் பிள்ளையை எந்தத் தகப்பன் அனுப்புவான்? 1970களில் உருவான பனை தென்னை வளக் கூட்டுறவுச் சங்கங்கள் விற்பனையைக் குத்தகைக்காரரிடமிருந்து தொழிலாளர் கைக்கு மாற்றின. மரியாதையைச் சங்கத்தால் வாங்கித் தர முடியவில்லை.

எந்தக் குடியும் குடும்பத்தைக் கெடுக்கும் என்று பெண்கள் அமைப்புகள் சொல்வதில் நியாயம் உண்டு. ஆனால் கள்ளில் மதுச்சத்து ஏறக்குறைய 5 வீதம். போத்தல் சாராயத்தில் 33 வீதத்துக்கு மேல். தவறணை வெறுமையானால் குடிக்கிறவர் சாராயத்துக்குத்தான் போவார். கள்ளுக்காசு ஊருக்குள் சுற்றும், சாராயக்காசு ஊரைவிட்டுப் போய்விடும்.

வன்னியில் இன்று பனைவிதை நடுகிறவர்கள் பலர். அந்தப் பனை சீவும் பருவத்துக்கு வரப் பதினைந்து, இருபது வருடமாகும். விதை நடுகிற சங்கங்களே, இன்று ஏறுகிறவருக்கு விபத்துக் காப்புறுதியும் ஏறுபொறியும், பனை சுரக்காத மாதங்களுக்கு ஒரு கொடுப்பனவும் முதலில் ஏற்பாடு செய்யுங்கள்.