தாத்தாவோட டாட்ஜுக்குள்ள பிளைமூத் வந்தது எப்படி?

எங்க கம்பம் பக்கம் வயசானவங்க இன்னைக்கும் காரை "பிளசர்" என்றுதான் சொல்வாங்க. சரக்குக்கோ டிக்கெட்டுக்கோ ஓடாத சொந்த வண்டியை ஆங்கிலத்தில் 'பிளஷர் கார்' என்று அழைத்த காலத்து மிச்சம் அது. உத்தமபாளையத்தில் எங்க குடும்பத்துக்கும் ஒரு பிளசர் இருந்தது. முகப்பில் 'டாட்ஜ்' என்ற எழுத்து. 1960-களில் தாத்தா மதுரையில் செகண்ட் ஹேண்டாக வாங்கியது.

கொஞ்ச நாளில் ஒரு மெக்கானிக் பானெட்டைத் திறந்து பார்த்துவிட்டு, "இது டாட்ஜே இல்லீங்க, பிளைமூத்து. எழுத்தை மாத்தி உங்க தலையில கட்டிட்டாங்க" என்று சொல்லிவிட்டார். அதிலிருந்து தாத்தாவுக்கு ஊரில் ஏமாந்தவர் என்ற பேர். அப்பத்தா கடைசிவரை அதைச் சொல்லிக் காட்டும். தாத்தா பதிலே பேசமாட்டார். போன மாசம் சித்தப்பா வண்டியை எடைக்குப் போடப் போறேன்னு சொன்னபோதுதான் நான் தேட ஆரம்பிச்சேன்.

கதை 1928-ல் தொடங்குகிறது. அந்த ஒரே வருஷத்தில் அமெரிக்காவின் கிரைஸ்லர் கம்பெனி விலை குறைந்த பிளைமூத்தை இறக்கியது, டிசோட்டோ என்ற புதுப் பெயரைத் தொடங்கியது, டாட்ஜ் கம்பெனியையும் விலைக்கு வாங்கியது. ஆக, மூணும் ஒரே வீட்டுப் பிள்ளைகள்.

வெளிநாட்டுச் சந்தையில் ஒரு சிக்கல். அங்கே டாட்ஜ் விற்கும் டீலரிடம் ஃபோர்டு, செவர்லேவோடு போட்டி போட விலை குறைந்த கார் வேணும். புதுசா ஒண்ணு செய்வதற்குப் பதிலா, கிரைஸ்லர் பிளைமூத்தின் பாடியையும் இன்ஜினையும் எடுத்து, டாட்ஜ் முகப்பை மாட்டி 'டாட்ஜ் கிங்ஸ்வே' என்று விற்றது. அதே வண்டிக்கு டிசோட்டோ முகப்பு மாட்டினால் 'டிசோட்டோ டிப்ளமேட்'.

இந்தியாவில் இவற்றைப் பூட்டியது வால்சந்த் ஹிராசந்த் 1944-ல் தொடங்கிய பிரீமியர் ஆட்டோமொபைல்ஸ். பம்பாய் குர்லா தொழிற்சாலையிலிருந்து 1947 முதல் வண்டிகள் வெளிவந்தன. லாரியிலும் இதே கதைதான். டாட்ஜ், டிசோட்டோ, பார்கோ என்று நம்ம ஆட்கள் மூணு பேர் சொன்னதெல்லாம் பெரும்பாலும் ஒரே லாரி.

அந்தக் காரில் 6 சிலிண்டர், சுமார் 3.6 லிட்டர் பெட்ரோல் இன்ஜின். நம்ம அம்பாசடர் இன்ஜின் 1.5 லிட்டர்தான். வால்வுகள் சிலிண்டருக்குப் பக்கத்தில் இருப்பதால் மேலே வெறும் தட்டையான மூடி. பிரித்துப் பார்ப்பது சுலபம். கியர் ஸ்டியரிங்குக்குக் கீழேயே இருக்கும். அதனால் முன்சீட்டில் மூணு பேர் தாராளமா உட்காரலாம். கல்யாண சீசனில் பொண்ணு மாப்பிள்ளையோட பாதிச் சொந்தமும் ஏறிவிடும் என்று சித்தப்பா சொல்வார்.

அப்புறம் ஏன் காணாமப் போச்சு? உள்நாட்டிலேயே உதிரிபாகம் செய்யத் திட்டம் இல்லாமல் வெறுமனே பூட்டி விற்கும் கம்பெனிகளுக்கு 1953-ல் அரசு கதவை அடைத்தது. ஜெனரல் மோட்டார்ஸ் 1954-ல் பம்பாய் தொழிற்சாலையை மூடியது. பிரீமியர் ஃபியட் பக்கம் திரும்பியது. அமெரிக்க வண்டிக்கு ஸ்பேர் கிடைப்பது வருஷா வருஷம் கஷ்டமாச்சு. பெட்ரோலையும் அது குடம் குடமாகக் குடித்தது.

தாத்தாவோட தகரப் பெட்டியில் ஆர்.சி. புக் கிடைத்தது. அதில் தெளிவாக 'டாட்ஜ் கிங்ஸ்வே' என்று இருக்கிறது. யாரும் எழுத்தை மாத்தவில்லை. மெக்கானிக் கண்ணால் பார்த்ததும் சரிதான், உள்ளே இருப்பது பிளைமூத்தான். ஆனால் அப்படி மாட்டி அனுப்பினது கம்பெனியே. விற்றவர் பொய் சொல்லவில்லை, தாத்தாவும் ஏமாறவில்லை.

சித்தப்பாவிடம் போனில் சொன்னேன். கொஞ்ச நேரம் சத்தமே இல்லை. "இதை அப்பா இருக்கும்போது யாராவது சொல்லியிருக்கலாம்ல" என்றார்.

எடைக்காரரை இப்போதைக்கு வரவேணாம்னு சொல்லியிருக்காராம்.