எண்ணெய் கெடுவதுபோல் செல்லும் கெடுமா?

சுமார் 200 ஆண்டுகளுக்கு முன் ஜெனீவா நகரில் நிக்கோலா தெயோடோர் த சொசூர் என்ற விஞ்ஞானி இருந்தார். எதையும் அளந்து பார்த்துத்தான் நம்புவார். தண்ணீரின் மேல் வால்நட் எண்ணெயை மெல்லிய படலமாக மிதக்கவிட்டு, அது எவ்வளவு காற்றை உறிஞ்சுகிறது என்று மாதக்கணக்கில் கவனித்தார்.

எட்டு மாதம் பெரிதாக ஒன்றும் நடக்கவில்லை. எண்ணெய் தன் கன அளவைப்போல் 3 மடங்கு காற்றைத்தான் எடுத்துக்கொண்டது. ஆனால் அதற்குப் பிறகு, பத்தே நாளில் 60 மடங்கு! அடுத்த மூன்று மாதங்களில் வேகம் மெல்ல மெல்லக் குறைந்து, மொத்தம் 145 மடங்கில் போய் நின்றது. எண்ணெய் கெட்டியாகி, நாற்றமடித்தது.

எட்டு மாதம் சும்மா இருந்த எண்ணெய்க்குத் திடீரென்று என்ன ஆயிற்று? இதற்கு விடை தேடிப் போனால், நம் உடம்பின் ஒவ்வொரு செல்லுக்குள்ளும் போய்ச் சேர்வோம்.

தீபாவளிக்குச் செய்த முறுக்கு டப்பாவின் அடியில் மறந்துபோய்க் கிடந்தால், திறந்ததும் ஒரு வாடை வருமே, அதைச் சிக்கு வாடை என்போம். முறுக்கில் ஊறிய எண்ணெய் காற்றிலுள்ள ஆக்சிஜனோடு சேர்ந்து உடைந்து, அதன் சிறு துண்டுகள் பறந்து வந்து மூக்கில் படுகின்றன. ஆக்சிஜன் கொழுப்பை இப்படித் தாக்குவதற்கு லிப்பிட் பெராக்சிடேஷன் என்று பெயர். லிப்பிட் என்றால் கொழுப்பு வகை.

கொழுப்பில் கார்பன் அணுக்கள் வரிசையாகக் கோத்திருக்கும். ஒவ்வொரு கார்பனும் ஹைட்ரஜன் அணுக்களைப் பிடித்திருக்கும். சில கொழுப்புகளில் இந்த வரிசையில் இரட்டைப் பிணைப்புகள் உண்டு. இரண்டு இரட்டைப் பிணைப்புகளுக்கு நடுவே இருக்கும் கார்பனின் பிடி மட்டும் தளர்வாக இருக்கும். அங்கேதான் திருட்டு நடக்கிறது. திருடுவது ஃப்ரீ ராடிக்கல். எலக்ட்ரான்கள் ஜோடி ஜோடியாக இருக்கவே விரும்பும். ஜோடியில்லாத எலக்ட்ரானோடு அலையும் அணுவோ மூலக்கூறோதான் ஃப்ரீ ராடிக்கல். அது கொழுப்பிலிருந்து ஒரு ஹைட்ரஜனைப் பிடுங்கித் தன் குறையைத் தீர்த்துக்கொள்கிறது.

ஓடிப் பிடித்து விளையாடும்போது யாரைத் தொட்டார்களோ அவர் அடுத்தவரைத் துரத்த வேண்டும் இல்லையா? இங்கும் அப்படியே. ஹைட்ரஜனைப் பறிகொடுத்த கொழுப்பு தானே ராடிக்கல் ஆகிவிடும். உடனே ஆக்சிஜன் வந்து அதில் ஒட்டும். இப்போது அது பக்கத்துக் கொழுப்பிடம் பிடுங்கும். அந்தப் பக்கத்துக் கொழுப்பு அதற்கும் பக்கத்தில் பாயும். ஒரே ஒரு ராடிக்கல் தொடங்கி வைத்தாலும் வரிசையாகப் பல கொழுப்புகள் கெடும்.

இனி உங்கள் உடம்புக்கு வருவோம். ஒவ்வொரு செல்லையும் சுற்றி ஒரு சவ்வு இருக்கிறது. அதன் தடிமன் சுமார் 5 நானோமீட்டர். அதாவது, 2 லட்சம் சவ்வுகளை ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கினால்தான் ஒரு மில்லிமீட்டர் வரும்! அந்தச் சவ்வு பெரும்பாலும் கொழுப்பாலும் புரதத்தாலும் ஆனது. மூளையிலும் கண்ணின் விழித்திரையிலும் டி.எச்.ஏ. என்ற கொழுப்பு நிறைய உண்டு. 22 கார்பன், 6 இரட்டைப் பிணைப்பு. ஆக, அதில் பலவீனமான இடங்கள் ஐந்து! இவ்வளவு எளிதில் கெடுவதை உடம்பு ஏன் வைத்துக்கொள்கிறது? இரட்டைப் பிணைப்புகளால் கொழுப்பு வளைந்து நெளிகிறது. அதனால் சவ்வு விறைக்காமல் இளக்கமாக இருக்கிறது. நாம் பார்ப்பதற்கும் நினைப்பதற்கும் அந்த இளக்கம் தேவை. ஆபத்து தெரிந்தே உடம்பு ஏற்றுக்கொண்ட ஏற்பாடு இது. எனக்கு எப்போதும் வியப்பூட்டும் விஷயமும் இதுதான்.

செல் ஆக்சிஜனைப் பயன்படுத்தும்போதே கொஞ்சம் ராடிக்கல்கள் உண்டாகிவிடும். புகைபிடித்தாலும் கடும் வெயில் பட்டாலும் இன்னும் கூடும். கொழுப்பு கெட்டால் சவ்வு கசிகிறது. உடைந்த துண்டுகளில் மலோண்டையால்டிஹைடு போன்றவை புரதத்திலும் டி.என்.ஏ.விலும் போய் ஒட்டி அவற்றையும் கெடுக்கின்றன. ஆய்வகத்தில் இந்தச் சேதத்தைக் கண்ணாலேயே பார்க்கலாம். மாதிரியோடு தயோபார்பிட்யூரிக் அமிலத்தைச் சேர்த்துச் சூடாக்கினால் இளஞ்சிவப்பு நிறம் வரும். நிறம் அடர்ந்தால் சேதம் அதிகம்.

ஆட்டத்தை நிறுத்த உடம்பிடம் ஆள் உண்டு. அதுதான் வைட்டமின் ஈ. 1922-இல் கலிஃபோர்னியாவில் ஹெர்பர்ட் எவன்ஸும் கேதரின் பிஷப்பும் எலிகளை வைத்து ஆராய்ந்தபோது இதைக் கண்டுபிடித்தார்கள். வைட்டமின் ஈ தன் ஹைட்ரஜனைத் தானாகவே கொடுத்துவிடும். கொடுத்த பிறகு அடுத்ததைத் துரத்தாமல் நின்றுவிடும். அதோடு ஆட்டம் முடிந்தது. ஹைட்ரஜனைக் கொடுத்துவிட்ட வைட்டமின் ஈ-யை மறுபடி பழைய நிலைக்குக் கொண்டுவர வைட்டமின் சி உதவுகிறது. சொசூரின் எண்ணெய் மாதக்கணக்கில் தாக்குப்பிடித்ததற்கும் இதுவே காரணம்: விதைகளிலிருந்து வரும் எண்ணெயில் இயற்கையாகவே வைட்டமின் ஈ இருக்கும். அது தீரும்வரை எண்ணெய் தாங்கும். தீர்ந்ததும் தாக்குதல் வேகம் பிடிக்கும்.

இன்னொரு காவலாளியும் உண்டு. செலினியம் கொண்ட ஜி.பி.எக்ஸ்.4 என்ற நொதி, கெட்டுப்போன கொழுப்பைப் பிடித்துத் தீங்கில்லாததாக மாற்றுகிறது. சுண்டெலிகளில் இந்த நொதி அறவே இல்லாமல் செய்தால், குட்டி பிறப்பதற்கு முன்பே கரு இறந்துவிடுகிறது. 2012-இல் அமெரிக்காவின் கொலம்பியா பல்கலைக்கழகத்தில் பிரென்ட் ஸ்டாக்வெல் குழுவினர், இரும்பின் துணையோடு கொழுப்பு இப்படிக் கெட்டுக்கொண்டே போய் செல் சாவதற்கு ஃபெராப்டோசிஸ் என்று பெயர் வைத்தார்கள். புற்றுநோய்ச் செல்களை மட்டும் இந்த வழியில் சாகடிக்க முடியுமா என்று இப்போது பல ஆய்வகங்கள் முயன்றுவருகின்றன.

இதய நோயிலும் கொழுப்பு கெடுவதற்குப் பங்குண்டு. ரத்தத்தில் கொலஸ்ட்ராலைச் சுமந்து செல்லும் எல்.டி.எல். துகள்கள் ரத்தக்குழாய்ச் சுவரில் சிக்கிக் கெட்டுப்போனால், அவற்றைத் துப்புரவு செய்ய வெள்ளையணுக்கள் வருகின்றன. வந்தவை அளவில்லாமல் விழுங்கி, கொழுப்பால் ஊதி, அங்கேயே தங்கிவிடுகின்றன. குழாய் மெல்ல அடைபட இது ஒரு தொடக்கம்.

அப்படியானால் வைட்டமின் ஈ மாத்திரை போட்டால் மாரடைப்பு வராதா? டாக்டர்களும் அப்படித்தான் எதிர்பார்த்தார்கள். 9,000-க்கும் மேற்பட்டவர்களைச் சில ஆண்டுகள் தொடர்ந்து கவனித்த ஹோப் என்ற பெரிய ஆய்வின் முடிவு 2000-இல் வந்தது. மாத்திரை சாப்பிட்டவர்களுக்கு மாரடைப்பு குறையவில்லை. நல்ல விளக்கம் கையில் இருந்தாலும் சோதித்துப் பார்க்காமல் மருந்தாக்கக் கூடாது என்பதற்கு இதைவிட நல்ல உதாரணம் எனக்குத் தெரியவில்லை. நிலக்கடலை, சூரியகாந்தி விதை, பாதாம், கீரை ஆகியவற்றில் வைட்டமின் ஈ இருக்கிறது. பெரும்பாலோருக்கு அதுவே போதும்.

பொரிக்கும் சூட்டில் எண்ணெயின் வைட்டமின் ஈ சீக்கிரம் அழிந்து, கொழுப்பு வேகமாகக் கெடும். பொரிக்கும் எண்ணெயில் இப்படி உண்டாகும் முனைவுச் சேர்மங்கள் என்ற பொருள்கள் 25 சதவீதத்தைத் தாண்டினால் அதைச் சமையலுக்குப் பயன்படுத்தக் கூடாது என்பது 2018 ஜூலை முதல் இந்தியாவில் சட்டம். ஆகவே, பொரித்து மீந்த எண்ணெயை வீட்டில் மறுபடி மறுபடி காய்ச்சினால், வேண்டாம் என்று எடுத்துச் சொல்லுங்கள். எண்ணெய்ப் பாட்டிலை இறுக மூடி, வெயிலும் அடுப்புச் சூடும் படாத இடத்தில் நீங்களே எடுத்து வையுங்கள்.