போதைச் சிகிச்சைப் பதிவேடுகளுக்கான நோயாளர் ஒப்புதல்

போதைச் சிகிச்சைப் பதிவேடுகளுக்கான நோயாளர் ஒப்புதல் என்பது, மது அல்லது போதைப்பொருள் பழக்கத்திற்குச் சிகிச்சை பெற்ற ஒருவரின் மருத்துவக் குறிப்புகளைக் கணினி வழியாக வேறொரு மருத்துவமனைக்கு அனுப்பும் முன் அவரிடம் பெறப்படும் இசைவு ஆகும். எந்த விவரம், யாருக்கு, எந்த நோக்கத்திற்கு, எவ்வளவு காலத்திற்கு என்பவற்றை நோயாளரே முடிவு செய்வது இதன் அடிப்படை ஆகும்.

தேவை

இக்குறிப்புகள் வெளியானால் வேலை, திருமணப் பேச்சு, ஊரில் உள்ள மதிப்பு ஆகியவை பாதிக்கப்படலாம். இந்த அச்சத்தால் சிகிச்சையையே தவிர்ப்போரும் உண்டு. மறைக்கப்பட்டாலோ உயிருக்கு ஆபத்து நேரலாம்.

எடுத்துக்காட்டாக, நாமக்கல் மாவட்டம் சேந்தமங்கலத்தில் வசிக்கும் ஒருவர் சேலத்தில் குடிநோய்ச் சிகிச்சை பெற்றபின், வேறு நோய்க்காக உள்ளூர் மருத்துவரிடம் செல்வதாகக் கொள்ளலாம். அவர் டைசல்பிரம் உட்கொள்வதை அறியாமல் மெட்ரோனிடசோல் கொடுத்தால் கடும் மனக்குழப்பம் ஏற்படக்கூடும். நால்ட்ரெக்சோன் உட்கொள்பவருக்கு மார்பின் போன்ற வலிநீக்கிகள் உரிய பயன் தரா. அதே வேளையில், சிறிய ஊரில் மருத்துவமனைப் பணியாளர் நோயாளரின் உறவினராகவோ அண்டை வீட்டாராகவோ இருக்கலாம். எனவே தேவையானதைத் தேவையானவருக்கு மட்டும் தெரிவிக்கும் முறை வேண்டியுள்ளது.

இந்தியச் சட்டங்கள்

2018 மே 29 முதல் நடைமுறையில் உள்ள மனநலப் பாதுகாப்புச் சட்டம், 2017, மது மற்றும் போதைப்பொருள் பழக்கத்தோடு தொடர்புடைய மனநிலைகளையும் மனநோய் என்னும் வரையறைக்குள் சேர்த்துள்ளது. இதன் 23 ஆம் பிரிவு இரகசியம் காக்கப்படும் உரிமையை வழங்குகிறது. சிகிச்சை அளிக்கும் பிற மருத்துவருக்குத் தெரிவித்தல், பிறருக்கு நேரக்கூடிய தீங்கைத் தடுத்தல், நீதிமன்ற ஆணை போன்றவை விதிவிலக்குகள். இவ்வுரிமை மின்னணு வடிவில் உள்ள தகவல்களுக்கும் பொருந்தும் என 24 ஆம் பிரிவு கூறுகிறது.

போதைப்பொருள் சட்டம், 1985 இன் 64ஏ பிரிவு, சிறிய அளவு போதைப்பொருள் தொடர்பாகக் குற்றம் சாட்டப்பட்ட பழக்க அடிமை தாமாக முன்வந்து அங்கீகரிக்கப்பட்ட நிலையத்தில் சிகிச்சை பெற்றால், வழக்கிலிருந்து விலக்கு அளிக்கிறது. சிகிச்சையை முடிக்காவிடில் விலக்கு திரும்பப் பெறப்படலாம்.

மின்னணு ஒப்புதல்

2021 செப்டம்பர் 27 அன்று நாடு முழுவதற்குமாகத் தொடங்கப்பட்ட ஆயுஷ்மான் பாரத் டிஜிட்டல் இயக்கத்தில், பதிவேடுகள் உருவான மருத்துவமனையிலேயே இருக்கும். அவற்றைக் கேட்கும் மருத்துவமனை, நோக்கம், ஆவண வகை, காலவரம்பு ஆகியவற்றைக் குறிப்பிட்டு ஒப்புதல் கோரிக்கை அனுப்பும். நோயாளர் அதனை ஏற்கலாம், மறுக்கலாம், கொடுத்த ஒப்புதலைப் பின்னர் திரும்பப் பெறலாம். ஆயினும் முன்னரே பார்க்கப்பட்ட விவரத்தை மருத்துவரின் நினைவிலிருந்து நீக்க இயலாது.

ஐக்கிய அமெரிக்கா

ஐக்கிய அமெரிக்காவில் 1970 களிலிருந்து இப்பதிவேடுகளுக்குத் தனிப் பாதுகாப்பு உண்டு. 2024 இல் திருத்தப்பட்ட விதிகளின்படி, சிகிச்சை, கட்டணம், மருத்துவமனை நிருவாகம் ஆகியவற்றுக்காக எதிர்காலப் பகிர்வு அனைத்திற்கும் ஒரே ஒப்புதல் போதுமானது. எனினும் நோயாளரின் ஒப்புதலோ நீதிமன்ற ஆணையோ இன்றி அவருக்கு எதிரான வழக்கில் இவற்றைப் பயன்படுத்த இயலாது. இந்தியாவில் இப்பதிவேடுகளுக்கெனத் தனிச் சட்டம் இல்லை.

சிக்கல்கள்

இந்திய முறையில் ஆவணங்கள் மருந்துச்சீட்டு, ஆய்வு அறிக்கை, விடுவிப்புச் சுருக்கம் என வகைப்படுத்தப்படுகின்றன. போதைச் சிகிச்சை என்னும் தனி வகை இல்லை. விடுவிப்புச் சுருக்கத்தை மறைத்தாலும், மருந்துச்சீட்டில் உள்ள டைசல்பிரம் என்னும் ஒரு பெயரே நோயைக் காட்டிவிடும். போதையிலோ, அதனை நிறுத்தியதால் உண்டாகும் குழப்பத்திலோ இருப்பவர் தரும் ஒப்புதலைத் தெளிந்த ஒப்புதலாகக் கொள்வது கடினம். கோரிக்கை கைபேசிக்கு வருவதால், ஒரே கைபேசியைப் பலர் பயன்படுத்தும் வீட்டில் நோயாளருக்கு முன்பே குடும்பத்தார் அதைப் பார்க்கவும், அவருக்காக ஏற்கவும் கூடும். அவ்வாறு பெறப்படும் இசைவு கணினியில் முறையாகப் பதிவாகும். ஆனால் அது நோயாளரின் இசைவு ஆகாது.