முகம் காணாமல் வரைந்த முகம்

ஆலங்குளத்துத் தம்பி ஒருவன், புகைப்படத்தின்மீது கட்டம் போட்டு அளந்து, பாட்டனாரின் முகத்தைத் தாளிலே ஏற்றிவிடலாம். கண் சரி, மூக்கும் சரி! ஆனால், எவருமே முகம் காணாத வள்ளுவனை வரைவது எங்ஙனம்?

வரைந்து காட்டினார் ஓவியர் வேணுகோபால் சர்மா! அளவுகோல் எது? குறள்! நெற்றியிலே சமயக்குறி இல்லை. மார்பிலே நூல் இல்லை. பிறப்பால் அனைவரும் நிகர் என்றவனுக்கு அவை எதற்கு? கையிலே எழுத்தாணியும் ஏடும், உடுத்தியதோ வெள்ளாடை!

1964இல் சட்டமன்றத்திலே அப்படத்தைத் திறந்துவைத்தார், அன்றைய குடியரசுத் துணைத்தலைவர் ஜாகிர் உசேன். 2019இலோ, அந்த வள்ளுவனுக்குக் காவி உடுத்திப் படம் வெளியிட்டது தமிழகப் பா.ஜ.க.!

தம்பி, தூரிகை எடு! ஆனால், முகத்தை அளக்குமுன் மனிதனை அளந்துகொள். மூக்கு பிசகினால் படம் கெடும். கொள்கை பிசகினால் ஆளே மாறிவிடுவான்!