ரிமோட் டாங்கிக்குப் பாட்டரி கொள்முதல் செய்வோர் கவனத்திற்கு

நிஜ டாங்கிகள் உருவாகும் ஆவடிக்குப் பக்கத்தில் கடை வைத்திருக்கிறோம். ரிமோட் டாங்கி கேட்டு வரும் பிள்ளையைத் திருப்பி அனுப்ப மனம் வருமா? ஆனால் பொம்மையைவிட அதன் லித்தியம் அயான் பாட்டரியால்தான் கடையின் பெயர் கெடுகிறது.

முதலில் வோல்ட்டைப் பாருங்கள். ஒரு செல் 3.7 வோல்ட், இரண்டு சேர்ந்தால் 7.4. பழைய நிக்கல் பாட்டரியில் 6 செல் சேர்ந்து 7.2 வோல்ட். 'கிட்டத்தட்ட ஒன்றுதானே' என்று நிக்கல் சார்ஜரைக் கொடுத்து அனுப்பக் கூடாது. லித்தியம் செல் 4.2 வோல்ட்டுக்கு மேல் ஏறினால் வீங்கும், தீயும் பிடிக்கலாம்.

அடுத்தது மில்லி ஆம்பியர் கணக்கு. 18650 என்ற செல் 18 மி.மீ. குறுக்களவும் 65 மி.மீ. நீளமும் உடையது. அதற்குள் நல்ல கம்பெனிகளே சுமார் 3,500 வரைதான் அடக்குகின்றன. அதே அளவில் 9,900 என்று அச்சிட்டு மலிவாக வரும் சரக்கு, எடை குறைந்த மூட்டைக்குச் சமம். கமிஷன் எவ்வளவு கொடுத்தாலும் தொடாதீர்கள்.

டாங்கி ஒரே இடத்தில் திரும்பும்போது மோட்டார்கள் திணறி அதிக மின்சாரத்தை இழுக்கும். ஆகவே பாதுகாப்புச் சர்க்யூட் உள்ள பாட்டரியையே கேட்டு வாங்க வேண்டும். ஐ.எஸ். 16046 எண்ணும், ஆர் என்று தொடங்கும் பதிவு எண்ணும் உறைமேல் இருக்கட்டும். 14 வயதுக்குட்பட்டோர் பொம்மைக்கு 2021 ஜனவரி முதல் ஐ.எஸ்.ஐ. முத்திரையும் கட்டாயம்.

இருப்பு வைப்பதைப் பாதி சார்ஜில், வெயில் படாத அலமாரியில் வையுங்கள். வீங்கியதைத் தள்ளுபடியிலும் விற்க வேண்டாம்.